எந்த வரிக்குக் கையெழுத்து ஃபான்ட்? அக்கா டிப்ஸ்

தங்கச்சி, வீட்டில் அரைக்கிற பொடிக்கு லேபிள் அடிக்கிறாயோ, பிள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை போடுகிறாயோ, டியூஷன் அறையில் சார்ட் ஒட்டுகிறாயோ, கம்ப்யூட்டரைத் திறந்ததும் உன் கண் போகிற இடம் எனக்குத் தெரியும். பேனா எடுத்துச் சாவகாசமாக எழுதினாற்போல இருக்குமே, அந்தக் கையெழுத்து ஃபான்ட்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அச்சு எழுத்தில் கிடைக்காத நெருக்கம் அதில் கிடைக்கும். படிக்கிறவருக்கு யாரோ தெரிந்தவர் நேரில் நின்று பேசுவதுபோல இருக்கும்.

அதனாலேயேதான் அதை எல்லா வரிக்கும் போடாதே என்கிறேன். முதலில் நீ அச்சடிக்கப் போகிறதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இதில் என் வாயால் நான் சொல்லுகிற வரி எது என்று பார். பத்திரிகையில், "குடும்பத்தோடு வந்து குழந்தையை ஆசீர்வாதம் பண்ணணும்" என்பது நீ சொல்லுகிற வரி. அதைக் கையெழுத்தில் போடு, அழகாக இருக்கும். நாள், நேரம், மண்டபத்து விலாசம், போன் நம்பர் இதெல்லாம் வருகிறவருக்கு வேண்டிய தகவல். அவை நேரான அச்சு எழுத்தில் இருக்கட்டும். பொடி பாக்கெட்டிலும் அப்படியே. "அம்மா கைப்பக்குவம்" என்பது கையெழுத்து. எடை, சேர்மானம், தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் அச்செழுத்து. இதில் அழகுக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. உணவு லேபிளில் இருக்க வேண்டிய விவரங்கள் தெளிவாகவும் எளிதில் படிக்கிற மாதிரியும் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு.

முக்கியமாக எண்களைக் கையெழுத்தில் போடாதே. பாதி கையெழுத்து ஃபான்ட்களில் 1-ம் 7-ம் ஒன்றுபோல இருக்கும், 0-வும் 6-ம் குழம்பும். ஆர்டர் கொடுக்கப் போன் போடுகிறவருக்கு ராங் நம்பர் போனால், அவர் மறுபடி முயற்சி பண்ணுவார் என்று நம்பாதே. மருந்து அளவு, பாங்க் கணக்கு எண், பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் அலர்ஜி பற்றி ஒட்டுகிற சீட்டு, இந்த மூன்றிலும் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி, இந்த ஃபான்ட்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இங்கிலீஷில் இரண்டு வகை. ஒன்று, எழுத்தும் எழுத்தும் கைகோத்து ஓடுகிற கூட்டெழுத்து. இன்னொன்று, தனித்தனியாக, ஆனால் பேனாவின் வளைவோடு நிற்பது. கூட்டெழுத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிஸ்ட்ரல். பிரான்ஸில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் என்பவர் தன் சொந்தக் கையெழுத்தை அடிப்படையாக வைத்துச் செய்தது. மார்செய் நகரத்து ஃபோன்டரி ஒலீவ் என்ற எழுத்து வார்க்கும் நிறுவனம் 1953-ல் வெளியிட்டது. தெற்கு பிரான்ஸில் வீசுகிற ஒரு காற்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அது ஈய எழுத்துக் காலம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்தை வைத்தாலும், முன்னதன் வால் பின்னதன் தலையில் சரியான உயரத்தில் போய்த் தொட வேண்டும். வேகமாகக் கிறுக்கியது போலத் தெரிகிற அந்த எழுத்துக்குப் பின்னால் அத்தனை கணக்கு இருக்கிறது.

இந்தக் கதையிலேயே உனக்கு வேண்டிய டிப்ஸும் இருக்கிறது. கூட்டெழுத்து ஃபான்ட்டில் எழுத்து இடைவெளியைக் கூட்டாதே, குறைக்காதே. கொஞ்சம் நகர்ந்தாலும் வால் அறுந்து தொங்கும். எல்லாமே கேப்பிட்டலாகவும் அடிக்காதே. அந்தப் பெரிய எழுத்துகள் வார்த்தையின் முதலில் வந்து நிற்பதற்காக வரைந்தவை. அவற்றை வரிசையாக அடுக்கினால் பெயர் என்ன என்று யாருக்கும் புரியாது.

தனித்து நிற்கிற வகைக்கு எல்லாருக்கும் தெரிந்த ஆள் காமிக் சான்ஸ். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த வின்சென்ட் கானேர் 1994-ல் வரைந்தார். மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருளில் ஒரு நாய்க் கார்ட்டூன் வந்து உபயோகிப்பவருக்கு வழி சொல்லும். அதன் பேச்சுக் குமிழிக்குள் இருந்ததோ விறைப்பான டைம்ஸ் நியூ ரோமன். நாய் பேசுகிற பேச்சுக்கு இந்த எழுத்து பொருந்தவில்லையே என்று அவருக்குப் பட்டது. காமிக்ஸ் புத்தகங்களின் கை எழுத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்தார். அது அந்த மென்பொருளுக்குள் போய்ச் சேரவில்லை. பிறகு விண்டோஸ் 95-க்கான பிளஸ் தொகுப்போடு வெளியே வந்து, உலகம் முழுக்கப் பரவி, நோட்டீஸிலிருந்து கல்லறை வாசகம் வரைக்கும் எங்கும் ஏறிவிட்டது. 2012 ஜூலையில் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் பற்றிய அறிவிப்பு வந்தபோது, விஞ்ஞானி ஃபேபியோலா ஜியானோட்டி காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைக் கேட்ட கையோடு ஃபான்ட்டைப் பற்றியும் ஊரெல்லாம் பேசியது.

அந்த ஃபான்ட்டை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பேசுகிற நாய்க்கு அது சரியான எழுத்து. சின்னப் பிள்ளைகளுக்கும் சரியானது. அதில் இருக்கிற சின்ன 'ஏ', பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற மாதிரியே ஒரு வட்டமும் ஒரு கோடுமாக இருக்கும். படிப்பதில் சிரமம் இருக்கிற டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்கு உகந்த எழுத்துகளாக பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கம் சொல்லும் பெயர்களில் காமிக் சான்ஸும் உண்டு. ஆகவே டியூஷன் அறையில் இங்கிலீஷ் சார்ட்டுக்குத் தயங்காமல் போடு. துக்கச் செய்திக்கும் வேலைக்கான விண்ணப்பத்துக்கும் போடாதே.

தமிழுக்கு வருவோம், உனக்கு வேலை அதிகம் இங்கேதான். நம் எழுத்து இங்கிலீஷ் கூட்டெழுத்து மாதிரி ஒன்றோடொன்று பின்னி ஓடுவதில்லை. நோட்டில் எவ்வளவு வேகமாக எழுதினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாகத்தான் உட்காரும். நம் கையெழுத்தின் களை சாய்விலும் சுழியிலும் புள்ளி விழுகிற இடத்திலும் இருக்கிறது. அதனால் தமிழில் கையெழுத்து ஃபான்ட் தேடும்போது, இணைந்து ஓடுகிறதா என்று தேடாதே. சுழி இயல்பாக இருக்கிறதா, சாய்வு எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். காசு கொடுக்காமல் கிடைப்பதில் நான் கைகாட்டுவது கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்து, நிதானமான ஒருவர் பேனாவில் எழுதினாற்போல இருக்கும். இங்கிலீஷ் எழுத்தும் அதிலேயே உண்டு.

கவிவாணர் ஒரே ஒரு தடிமனில்தான் வருகிறது. தலைப்புக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 'பி' பட்டனைத் தட்டிவிடாதே. தடித்த எழுத்து என்று யாரும் தனியாக வரைந்து வைக்கவில்லையே. மென்பொருள் தானாகவே கோட்டைச் சுற்றி மையைப் பூசிக் காட்டும். 'ண', 'ஞ', 'ழ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு சொட்டு சொட்டாக மை கொட்டியது போல ஆகிவிடும். எடுப்பு வேண்டுமானால் அளவைப் பெரிசாக்கு, இல்லை நிறத்தை மாற்று. ஏற்கெனவே சாய்ந்த எழுத்து, அதனால் இட்டாலிக்கும் வேண்டாம்.

ஒரு ஃபான்ட் பிடித்துவிட்டது என்றால் உடனே முடிவெடுத்துவிடாதே, நான் சொல்லுகிற வார்த்தைகளை அதில் அடித்துப் பார். முதலில் "பொடி", "போடி" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் உன் இட்லிப் பொடி பாக்கெட் வாங்குகிறவரைப் பார்த்து "இட்லிப் போடி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து "காரம்", "தாரா" மாதிரி காலும் 'ர'வும் பக்கத்தில் வருகிற வார்த்தை. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இறங்கும், நல்ல ஃபான்ட்டில் 'ர'வின் கீழ்ச் சாய்வு தனியாகத் தெரியும். பிறகு "கிழங்கு", "கீரை". இகரச் சுழிக்கும் ஈகாரச் சுழிக்கும் இடையே குழப்பம் இருக்கக் கூடாது. கடைசியாக உகர வரிசை: கு, சு, டு, து, மு, ழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரும்புகிற எழுத்து என்பதால், அவசரமாகச் செய்த ஃபான்ட் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, நம் பாஷைக்கு ரொம்ப முக்கியமானது. நிஜக் கையெழுத்தில் ஒரே எழுத்தை இரண்டு தடவை எழுதினால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல வராது. ஃபான்ட்டில் வரும். தமிழில் ஒற்று மிகுந்து வருகிற வார்த்தைகள் எக்கச்சக்கம்: தக்காளி, அப்பளம், அண்ணன், பருப்புப் பொடி. இரண்டு 'ப'வும் மேலே ஒரு புள்ளியைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இது மெஷின் எழுதியது என்று கண் கண்டுபிடித்துவிடும். இங்கிலீஷில் இதற்கு வழி செய்து வைத்திருக்கிற ஃபான்ட்கள் உண்டு. பாப்லோ இம்பாயாரி செய்த காவியாட் அப்படிப்பட்டது. ஒரு வார்த்தைக்குள் அதே எழுத்து திரும்ப வரும்போது கொஞ்சம் மாறின வடிவத்தைத் தானாகவே எடுத்து வைக்கும். அந்த வசதி இல்லாத ஃபான்ட்டில் நீயே செய்துகொள்ளலாம். கோரல்டிராவில் எழுத்தைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிட்டு, இரட்டித்து வருகிற எழுத்தில் ஒன்றை மட்டும் மயிரிழை மேலே தூக்கு, ஓரிரு டிகிரி திருப்பு, புள்ளியைச் சற்றே தள்ளி வை. அதற்கு மேல் போகாதே. தலைப்பு வரிக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். கர்வ்ஸ் ஆக்கும் முன் எழுத்துப்பிழை பார்த்துவிடு, அதற்கப்புறம் திருத்த முடியாது.

இங்கிலீஷ் ஃபான்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழை அடிக்கிறவர்கள் நிறைய. மேலே ஃபான்ட் பெயர் காவியாட் என்று காட்டும், உள்ளே தமிழ் எழுத்தே அதில் கிடையாது. கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் தன்னிடமிருக்கிற தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுவிடும். புதிய விண்டோஸில் நிர்மலா யூஐ, பழையதில் லதா, ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஆளுக்கொன்று வரும். உன் ஸ்க்ரீனில் ஒரு மாதிரி, பிரஸ்ஸில் வேறு மாதிரி. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, "அம்மா" என்பதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அருகருகே அடித்துவிட்டு ஃபான்ட்டை மாற்றிக்கொண்டே போவதுதான். இங்கிலீஷ் மட்டும் வேஷம் மாறித் தமிழ் அசையாமல் நின்றால், அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. இந்தியக் கம்பெனி செய்தது என்பதாலும் ஏமாந்துவிடாதே. கலம் என்று ஓர் அருமையான கையெழுத்து ஃபான்ட் இருக்கிறது, இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்தது. தேவநாகரிக்கும் இங்கிலீஷுக்கும்தான் அது, தமிழ் கிடையாது.

டிடிபி சென்டரில் கொடுத்தால் வேறொரு சிக்கல் வரும். அங்கே புழங்குகிற பல கையெழுத்து ஃபான்ட்கள், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தின முறையில் செய்தவை. பாமினி முறையை எடுத்துக்கொள். அதில் அடித்த "அம்மா", அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷ் எழுத்துகளாகக் கிடக்கும். வாட்ஸ்அப்பில் யாருக்காவது காப்பி பண்ணி அனுப்பினாலும் அதே கதிதான். அதனால் விவரத்தை யூனிகோடில் அடித்துக் கொடு, வடிவமைப்பு முடிந்ததும் பிடிஎஃப் வாங்கு, அந்தப் பிடிஎஃப்பை உன் போனில் திறந்து பார்த்த பிறகு அச்சுக்குச் சரி சொல்.

அளவு விஷயத்தில் ஒரே வார்த்தை, தாராளமாக வை. கையெழுத்து ஃபான்ட்கள் அதே பாயின்ட்டிலும் சின்னதாகத்தான் தெரியும். மற்றதில் 12 பாயின்ட் போதுமென்றால் இதில் 15, 16 வரைக்கும் போக வேண்டிவரும். வரிக்கும் வரிக்கும் நடுவிலும் காற்றோட்டம் வேண்டும். மேல்வரியின் 'ழு', 'ஞ' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கி', 'தீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு வரி உயரம் வைத்தால் சரியாக இருக்கும்.

துணைக்கு வைக்கிற அச்செழுத்து எளிமையாக இருக்கட்டும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவும் ஒத்துப்போகும். எல்லாமே இலவசம். ஒரே லேபிளில் இரண்டு கையெழுத்து ஃபான்ட் மட்டும் கூடாது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

எதில் அச்சடிக்கிறாய் என்பதையும் யோசி. கூரியர்க்காரர்கள் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன தெர்மல் பிரின்டரில் லேபிள் அடிப்பாயானால், அது பெரும்பாலும் 203 டிபிஐ. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். மெல்லிய பேனாக் கோடு அதில் இரண்டு புள்ளிகூடத் தேறாது, விட்டு விட்டு விழும். அதற்குத் தடித்த மார்க்கரில் எழுதினாற்போன்ற ஃபான்ட்தான் சரிப்படும். துணிப்பையில் ஸ்க்ரீன் பிரின்ட் போட்டாலும் அப்படித்தான், மெல்லிய கோட்டைத் துணி குடித்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனர் என்றால், பைக்கில் போகிறவர் ஒரு நொடியில் படிக்க வேண்டும். கடைப் பெயரைப் பெரிய அச்செழுத்தில் போட்டு, கீழே ஒரு சின்ன வரியைக் கையெழுத்தில் வை. எதுவானாலும் ஒரு சாம்பிளை நிஜ அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று படித்துப் பார். அதைவிட நல்லது, எழுதியது என்னவென்று தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்வது. அவர் எங்கே தடுக்குகிறாரோ அந்த எழுத்தை மாற்று.

லைசென்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. இலவச ஃபான்ட் தளங்களில் அழகழகாகக் கிடக்கிற பலவற்றின் கீழே பொடி எழுத்தில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருக்கும். பிள்ளையின் பிறந்தநாள் அட்டைக்கு அது போதும். நீ காசுக்கு விற்கிற பாக்கெட்டில் அதைப் போடுவது இன்னொருவர் உழைப்பை எடுத்துக்கொள்வது. கவிவாணர், காவியாட் இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. வியாபாரத்துக்குத் தாராளமாக உபயோகிக்கலாம், ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் மாறாத ஒரே ஒரு பெயருக்கு, உன் பொடியின் பிராண்ட் பெயருக்கு, ஃபான்ட்டே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஃபான்ட் உதவுவது மாறிக்கொண்டே இருக்கிற வரிகளுக்கு: இந்த மாதம் பருப்புப் பொடி, அடுத்த மாதம் கறிவேப்பிலைப் பொடி, பத்திரிகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர். என்றைக்கும் அதே ஐந்தாறு எழுத்து என்றால் கையாலேயே எழுதிவிடலாமே. முழுக் கையெழுத்தையும் ஃபான்ட் ஆக்கலாமே என்று நினைத்தால் கணக்கைப் பார்த்துக்கொள். 247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை, கொம்பும் காலும் எல்லாருக்கும் பொது. ஆனாலும் உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்தவை 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72, கால், கொம்பு வகையறா 5 என்று 126 வடிவம் வரும். கிரந்தமும் எண்களும் அதற்கு மேல். ஒரு பெயருக்காக இத்தனை பாடு எதற்கு?

வெள்ளை ஏ4 தாள், கறுப்பு ஜெல் பேனா அல்லது பிரஷ் பேனா. லேபிளில் வரப்போகிற அளவைப்போல மூன்று மடங்கு பெரிசாக எழுது, சின்னதாக்கும்போது கை நடுக்கம் மறைந்துவிடும். தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுது. முதல் சில வரிகள் விறைப்பாக இருக்கும், கை தளர்ந்த பிறகு வருவதுதான் நன்றாக இருக்கும். பிடித்ததை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பிலோ கோரல்டிராவிலோ ட்ரேஸ் கொடுத்தால் எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாத கோடாகக் கிடைக்கும். போனில் போட்டோ எடுத்துச் செய்யலாம், ஆனால் தாளில் நிழல் விழக் கூடாது.

"அம்மா கைப்பக்குவம்" என்றுதானே பெயர் வைக்கப் போகிறாய்? அப்படியானால் பேனாவை அம்மாவிடம் கொடு. அவள் படித்தது 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்னால். இன்றைக்கும் 'லை', 'னை' எழுதும்போது முன்னால் யானைத் தும்பிக்கை போல வளைத்துத்தான் எழுதுவாள். இந்தப் பெயரில் அந்த எழுத்துகள் இல்லை, பிரச்சினையும் இல்லை. நாளைக்குக் கறிவேப்பிலைப் பொடி என்றும் அவள் கையாலேயே எழுத வைத்தால், அந்தத் தும்பிக்கையைத் திருத்தச் சொல்லாதே. கீழே சின்னதாக அச்செழுத்தில் ஒரு தடவை பெயரைப் போட்டுவிடு, பழைய எழுத்து தெரியாத பிள்ளைகளும் படித்துக்கொள்வார்கள். ஸ்கேன் செய்ததை ட்ரேஸ் பண்ணுவதற்கு முன் அசல் கோப்பாக ஒரு பிரதி, ட்ரேஸ் பண்ணியது எஸ்விஜியாக ஒன்று, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக ஒன்று, மூன்றையும் உன் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள். பிரஸ்காரர் எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம்.